கருடன் படத்தில் வயிறு கறுத்துப்போகிறது, எப்படித் திருத்துவது?

கேள்வி:
வணக்கம். போன ஞாயிறு சாயங்காலம் பினாங்கு தெலுக் ஆயர் தாவார் கடலோரத்தில் ஒரு கருடன் தலைக்கு மேலே வட்டமடித்தது. ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). தலை பளீரென்று வெள்ளை, வயிறும் இறக்கையும் கரி. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஷேடோவை (இருண்ட பகுதியின் வெளிச்சத்தை) ஏற்றினால் வானமெல்லாம் புள்ளி புள்ளியாகிறது. கருடனைப் பார்த்தாலே அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவருக்குப் பெரிதாக அச்சிட்டுத் தர வேண்டும், அந்தச் செம்பழுப்பு நிறம் தெரிந்தே ஆக வேண்டும்.

பதில் 1:
தம்பி, படம் முழுக்க ஏற்றாதீர்கள். மாஸ்க்கில் (ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி) பறவையை மட்டும் தேர்ந்தெடுத்து ஷேடோவைக் கூட்டுங்கள். தலைக்குத் தனி மாஸ்க் போட்டு ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதியை) குறையுங்கள். அப்புறம் முதல் மாஸ்க்கை நகலெடுத்துத் தலைகீழாக்கி, வானத்துக்கு மட்டும் நாய்ஸ் (புள்ளி) குறைப்பு. இறகில் அதைக் கூட்டினால் மெழுகுபோல் ஆகிவிடும்.

பதில் 2:
கிளாரிட்டியை (விளிம்புகளை எடுப்பாகக் காட்டும் அமைப்பு) அதிகம் ஏற்ற வேண்டாம், இறக்கை ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். படத்தின் ஓரங்களை வெட்டும்போது அலகுக்கு முன்னால் இடம் விடுங்கள்.

பதில் 3:
அந்தக் கரை மேற்கு பார்த்தது. சாயங்காலம் வெயில் பறவைக்குப் பின்னால்தான் இருக்கும். காலை 8 மணிக்குப் போங்கள், 1/2000 வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மாஸ்க் போட்டதும் வயிற்றில் நிறம் வந்துவிட்டது அண்ணா, மிக்க நன்றி! தலையில் இறகு வரிகள் மட்டும் இன்னும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் மறுபடி போகிறேன்.