கலைச்சொல் விவாதம்: கார்ட் பந்தய ‘ஜாக்கிங்’ என்பதற்கு ‘எம்பல்’

உச்சிப்புளியிலிருந்து, குழுவினர் அனைவருக்கும்

வணக்கம்.

கார்ட் என்பது தரையை ஒட்டி ஓடும் சிறிய, திறந்த பந்தய வண்டி. அந்தப் பந்தயத்துக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘ஜாக்கிங்’ (jacking; ஓட்டப் பயிற்சியான jogging அல்ல) என்பதற்கான தமிழ்ச்சொல்லின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வளைவில் கார்ட்டின் உள் பின்சக்கரம் தரையை விட்டு எழுவதை அது குறிக்கிறது. இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ‘எம்பல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பந்தயம் பார்த்திராத உறுப்பினர்களும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதால் நிகழ்வை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நம் பக்கத்து மாட்டு வண்டியில் இருசு, அதாவது இரு சக்கரங்களையும் கோக்கும் தண்டு, சுழலாது. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழலும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் விரைவாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் ஓடிக்கொள்ளும். சாரதி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. காரில் இந்த வேலையை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்கிறது. கார்ட்டில் இரண்டு வசதியும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இருசில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கின்றன. இருசே சுழல்கிறது, இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. பின்சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரைவட்டமாகத் திரும்பும் ஒரு வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 3.8 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. பின் டயரின் விட்டம் சுமார் 28 சென்டிமீட்டர். ஆக, நான்கு சுற்றுக்கும் மேற்பட்ட வித்தியாசம். இரண்டு டயர்களும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கார்ட் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். இன்ஜின் திணறும், அதன் குரல் தாழ்வதை வேலிக்கு வெளியே நிற்பவர்கூடக் கேட்கலாம்.

இதற்கு ஒரே தீர்வு, உள் பின்சக்கரம் வளைவின் நடுவில் சற்று நேரம் தரையை விடுவது. கார்ட்டில் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்கள் தனியே ஏறி இறங்க உதவும் சுருள்வில் அமைப்பு, இல்லை. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் கட்டிய முதல் கார்ட்டிலும் இல்லை, இன்றைய உலகப் பட்டப் போட்டிக் கார்ட்டிலும் இல்லை. எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த சட்டகமே முறுகி, மீண்டு, அந்த வேலையைச் செய்கிறது. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சைச் சாய்த்து வைத்திருப்பார்கள். இந்தச் சாய்வைக் காஸ்டர் என்கிறோம். அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உள் முன்சக்கரம் கீழ்நோக்கி அழுந்துகிறது, வெளி முன்சக்கரம் மேலேறுகிறது. எடை மூலைவிட்டமாக உள் முன்சக்கரத்துக்கும் வெளிப் பின்சக்கரத்துக்கும் போக, உள் பின்சக்கரம் தரையை விடுகிறது. வளைவை விட்டு வெளியேறும் நொடியில் அது திரும்பவும் தரையில் அமர்ந்தால்தான் இழுவை முழுமையாகக் கிடைக்கும்.

இதைத்தான் ‘ஜாக்கிங்’ என்கிறார்கள். ஒரு சாம்பியன்ஷிப் வார இறுதியில் ஓட்டுநரும் மெக்கானிக்கும் பேசிக்கொள்வதில் பெரும்பங்கு இதைப் பற்றியே. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் தடம் புழுதியோடு இருக்கும், டயர் பிடிக்காது, சக்கரம் போதுமான அளவு எழாது. சனிக்கிழமைத் தகுதி ஓட்டங்கள் நடக்க நடக்க டயர் ரப்பர் தேய்ந்து தடத்தில் படியும், பிடிமானம் ஏறும். ஞாயிறு இறுதி ஓட்டத்தில் அதே கார்ட்டில் அதே சக்கரம் அளவுக்கு மீறி எழுந்து, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நேரத்தைத் தின்னும். அதற்குள் முன் அகலத்தை, அதாவது முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, குறைப்பார்கள், பின் அகலத்தைக் கூட்டுவார்கள், காஸ்டர் சாய்வைக் குறைப்பார்கள். மழை வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ்: காஸ்டரைக் கூட்டு, முன்னை அகலமாக்கு, பின்னைக் குறுக்கு. இத்தனை முடிவுகளுக்கும் அடிப்படை, ஓட்டிவிட்டு வந்தவர் சொல்லும் ஒரே வாக்கியம்: எழுகிறதா, எழவில்லையா?

என் மகள் ஜூனியர் பிரிவில் ஓட்டுகிறாள். எனக்கு நாட்டுப்படகு இன்ஜின் பழுதுபார்க்கும் தொழில். போட்டி நாட்களில் அவளுக்கு மெக்கானிக்கும் நானே. செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அவள் தடத்திலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. அடுத்த ஓட்டத்துக்கு இருப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் அவள் வாயில் நிற்கும் சொல்தான் எனக்கு வேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகள்.

> பரமக்குடி ஐயா: உள்பின்சக்கர உயர்த்தம்

ஐயா, பொருள் துல்லியம், குறையே சொல்ல முடியாது. ஆனால் இது விளக்கம்; பெயராக இயங்காது. இதிலிருந்து வினைச்சொல்லை எப்படிப் பிறப்பிப்பது? ‘உள்பின்சக்கர உயர்த்தம் அடையவில்லை’ என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்லாது. உங்களுடைய மற்றொரு யோசனையை, மாட்டு வண்டிப் பந்தயத்தில் பூஞ்சிட்டு, கரிச்சான் என்று பிரிப்பதுபோல கார்ட்டின் சிறுவர் பிரிவுகளுக்கும் பெயர் வைக்கலாம் என்றதை, மனமார வரவேற்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

> மோர்ப்பண்ணைத் தம்பி: சாய்ப்பு

தம்பி பாய்மரப் படகுப் போட்டியில் நிற்பவர். எங்கிருந்து இந்தச் சொல் வந்தது என்பது தெரிகிறது. ஆனால் படகில் நடப்பது வேறு. காற்று தள்ள, படகு முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது. எழும் பக்கத்தை அழுத்த, குறுக்கே போட்ட பலகையில் ஆட்கள் ஏறி நிற்கிறீர்கள். கார்ட்டில் ஓட்டுநர் செய்வது இதற்கு நேர் எதிர். மழைத் தடத்தில் பாருங்கள், உடலை வளைவின் வெளிப்பக்கம் தள்ளி, உள்சக்கரம் எழுவதற்கு உதவுவார். அங்கே எழுவதைத் தடுக்க வேண்டும், இங்கே எழவைக்க வேண்டும். ‘சாய்ப்பு’ என்றால் கேட்பவர் இதைத் தவறாகவே புரிந்துகொள்வார். தவிர, காஸ்டர் சாய்வு என்று வேறொன்றை அன்றாடம் சொல்கிறோம், இரண்டும் குழம்பும்.

> கீழக்கரை காக்கா (அண்ணன்): ஜாக்கியேற்றம்

காக்கா, ஜாக்கி என்ற சொல் பட்டறைகளில் ஊறிப்போனது, மறுக்கவில்லை. ஆனால் ஜாக்கி வைத்து ஏற்றுவது நின்றுகொண்டிருக்கும் வண்டியை, வெளியிலிருந்து, கையால். இங்கே வண்டி ஓடும்போது தன் உடம்பை முறுக்கித் தானே எழுப்பிக்கொள்கிறது. போட்டி நடக்கும் இடத்தில் கார்ட்டை உண்மையாகவே ஜாக்கி போன்ற தாங்கியில் ஏற்றி வைத்திருப்போம். ‘ஜாக்கியேற்றம் போதவில்லை’ என்று மகள் சொன்னால் நான் தாங்கியைத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

எம்பல் ஏன்? தேர் பார்க்கும் கூட்டத்தில் சிறுவன் எம்பி நிற்கிறான்: குதிகால் தரையை விடுகிறது, முன்பாதம் விடுவதில்லை. கார்ட்டிலும் ஒரு சக்கரம் விடுகிறது, மூன்று ஊன்றியிருக்கின்றன. எழும் உயரம் கொஞ்சம், எழும் நேரம் கொஞ்சம், மீண்டும் இறங்குவது உறுதி. இத்தனையும் ஒரே வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது. எம்புகிறது, எம்பவில்லை, அதிகம் எம்புகிறது, எம்பல் குறைவு, எம்பல் நேரம் என்று எப்படித் திருப்பினாலும் சொல் உடையவில்லை.

பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். இத்தாலியில் லொனாட்டோவிலோ சார்னோவிலோ கோடைக்காலப் போட்டி நடக்கும்போது அங்கே பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு மாலை 6.30. பட்டறையை அடைத்துவிட்டு இங்குள்ள பிள்ளைகள் சேர்ந்து பார்க்கிறார்கள். மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சியில் உள்சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிவதைக் கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். 2013இல் பிரான்சின் வாரென் தடத்தில் கியர் பிரிவின் உலகப் பட்டத்தை வென்ற மாக்ஸ் வெர்ஸ்டப்பன் பிறகு ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லத் தமிழில் ஒரு வினைச்சொல் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்புடன்,
உச்சிப்புளி

——

துபாயிலிருந்து, கீழக்கரை

உச்சிப்புளித் தம்பிக்கு,

ஜாக்கியேற்றத்தைக் கைவிடுகிறேன். தாங்கியோடு குழம்பும் என்ற காரணம் ஒன்றே போதும்.

எம்பலில் எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது, எம்புவது உயிருள்ளவற்றின் செயல். சக்கரம் தானாக எம்புமா? சட்டகம் அல்லவா அதை எழுப்புகிறது? இரண்டாவது இன்னும் முக்கியமானது. இங்கே கார்ட்டுரோம் என்ற கார்ட் பந்தயத் தடத்தில் வாரக் கடைசியில் பார்க்கிறேன். பிடிமானம் மிகுந்த தடத்தில் சில கார்ட்டுகளின் பின்பக்கம் வளைவு முழுவதும் டக் டக்கென்று எகிறிக்கொண்டே போகிறது. இதை ‘ஹாப்’ ஆகிறது என்கிறார்கள். எம்பல் என்ற சொல்லைக் கேட்டதும் என் கண்முன் வந்தது அந்தக் காட்சிதான். இரண்டையும் ஒரே சொல் சுட்டினால் மெக்கானிக் தவறான திருத்தம் செய்வார். இதற்கு விடை சொன்னால் என் வாக்கு உனக்கு.

துஆவுடன்,
காக்கா

——

உச்சிப்புளியிலிருந்து

காக்கா,

முதல் தயக்கத்துக்கு: தமிழில் கடல் பொங்குகிறது, இன்ஜின் இரைகிறது, வண்டி முரண்டு பிடிக்கிறது. உயிரற்றவற்றுக்கு இப்படி வினை கொடுப்பதில் நமக்குத் தடை இருந்ததே இல்லை. எழுப்பும் காரணியையும் சுட்ட வேண்டுமென்றால் ‘சட்டகம் எம்பவைக்கிறது’ என்று பிறவினையும் ஆயத்தமாக இருக்கிறது. காஸ்டரைக் கூட்டினால் சட்டகம் கூடுதலாக எம்பவைக்கும். பாடப்புத்தகத்தில் எழுதினாலும் இந்த வாக்கியம் நிற்கும்.

இரண்டாவது தயக்கம் நியாயமானது, பட்டியலுக்கு நல்லதும்கூட. நீங்கள் சொல்லும் எகிறலுக்குத் ‘துள்ளல்’ என்று வைப்போம். எம்பலில் சக்கரம் ஒரு முறை எழுந்து, காற்றில் நின்று, ஒரு முறை இறங்குகிறது. அது நாம் வேண்டுவது. துள்ளலில் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து போகிறது, அது கோளாறு. எம்பல் அளவு மீறினாலோ, பிடிமானத்துக்குச் சட்டகம் ஈடுகொடுக்காமல் போனாலோ துள்ளல் வரும். இரண்டு சொற்களையும் அடுத்தடுத்த பதிவுகளாக, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டி இட்டால் குழப்பத்துக்கு இடமிருக்காது.

பதிவின் வாசகம் இப்படி இருக்கட்டும்:

எம்பல் (பெயர்), எம்பு (வினை): கார்ட் வளைவில் திரும்பும்போது, ஸ்டியரிங் அமைப்பாலும் சட்டகத்தின் முறுக்கத்தாலும் உள் பின்சக்கரம் தற்காலிகமாகத் தரையை விட்டு எழுதல். ‘புது டயரில் நன்றாக எம்புகிறது.’ ‘மூன்றாம் வளைவில் எம்பவே இல்லை.’ காண்க: துள்ளல், இருசு, காஸ்டர்.

பரமக்குடி ஐயாவின் ‘உள்பின்சக்கர உயர்த்தம்’ விளக்கவுரையில் இடம்பெறத் தகுந்தது. ஐயா ஒப்புக்கொண்டால் வரையறையின் முதல் வரியை அவர் சொற்களிலேயே மாற்றி எழுதுகிறேன். மோர்ப்பண்ணைத் தம்பியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, வாடைக் காலத்து வேலையில் இருப்பார். அவர் வந்து மறுப்புச் சொல்லும்வரை பதிவை வரைவாகவே வைத்திருப்போம். துள்ளலுக்கு எதிர்ப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உச்சிப்புளி