கற்கால சிறுவர் நாவல்: பசி, சாவு எல்லாம் எவ்வளவு காட்டலாம்?

மைக்கூடு:
10-12 வயசு பசங்களுக்கு ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன். பனியுகம் முடியுற சமயம், இப்போ ஜெர்மனி இருக்குற பக்கம், ஒரு பொண்ணும் அவளோட நாய்க்குட்டியும் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சிடுறாங்க. பசி, காயம், சாவு இதெல்லாம் அப்போ சகஜம், மறைச்சா பொய்யா இருக்கு, அப்படியே எழுதினா பசங்க புக்கை மூடி வச்சிடுவாங்களோன்னு பயம். குட்டியை சாகடிக்கலாமா? அதுக்கும் முன்னாடி, அப்போ நாய் இருந்துச்சா, இல்ல ஓநாய்னுதான் எழுதணுமா?

எலும்பூசி:
நாய்னே தாராளமா எழுதுங்க. ஜெர்மனில பான்-ஓபர்காசெல்ங்கிற இடத்துல 1914ல ஒரு ஆண், ஒரு பெண் எலும்புக்கூட்டோட ஒரு நாய்க்குட்டியோட எலும்பும் கிடைச்சுது, சுமார் 14,000 வருஷம் பழசு. ஏழு மாசக் குட்டி, பல்லை ஆராய்ஞ்சவங்க அதுக்கு டிஸ்டெம்பர்ங்கிற நாய்களுக்கு வர்ற கொடிய வைரஸ் நோய் வந்திருக்குன்னு சொல்றாங்க, வாரக்கணக்குல இழுத்திருக்கு, யாராச்சும் பக்கத்துலயே இருந்து பாத்துக்காம அவ்வளவு நாள் தாங்கியிருக்காதாம். வேட்டைக்கு துளியும் உதவாத குட்டி அது! உங்க கதைப் பொண்ணு தன் குட்டியை எப்படிப் பாத்துக்கிட்டான்னு ரெண்டு அத்தியாயம் எழுதிட்டீங்கன்னா அப்புறம் செத்தாலும் பசங்க தாங்கிப்பாங்க.

பக்கம்புரட்டி:
சாவை விட போரடிக்கிறதுதாங்க பசங்களை ஓட வைக்கும். கல்லை உடைச்சு கத்தி செய்யறது எப்படின்னு மூணு பக்கம் ஆராய்ச்சியைக் கொட்டினா என் பையன் தாண்டிப் போயிடுவான், அவ கையில ரத்தம் வந்து அப்பவும் அந்தக் கத்தி வேணும்னு உடைச்சா படிப்பான். இன்னொன்னு, தயவுசெஞ்சு யாரையும் 'ஊ ஆ'ன்னு பேச விடாதீங்க, மூளை நமக்கு இருக்குற அதே மூளைதான். "பொண்ணுன்னா வேட்டைக்கு வரக்கூடாதா"ன்னு சண்டை போடுற சீனும் வேணாம், படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு.

மைக்கூடு:
சூப்பர். கூட்டத்துல ஒருத்தர் நடக்க முடியாம ஆயிட்டா விட்டுட்டுப் போயிடுவாங்களா? ஒரு தாத்தா பாத்திரம் இருக்கு, அவரை என்ன பண்றதுன்னு தெரியல.

மண்சட்டி:
விட்டுட்டுத்தான் போகணும்னு இல்ல. ஈராக்ல ஷானிதார் குகைல கிடைச்ச ஒரு நியாண்டர்தால் ஆளு, அழிஞ்சுபோன வேற ஒரு மனித இனம், நம்ம இனமே இல்ல, உங்க கதைக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி, ஒரு கண்ணு அநேகமா தெரியாது, வலது கை முழங்கைக்குக் கீழ கிடையாது, நடையும் கோணல், அப்படியும் 40 வயசு வாக்குல வரைக்கும் வாழ்ந்திருக்கார். தனியா முடியுமா அது? தாத்தா தாராளமா இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேற, சந்தோஷத்தையும் கொஞ்சம் காட்டுங்க. பிரான்ஸ்ல ரூஃபின்யாக் குகைல மெத்துனு இருக்குற பாறைல சின்னப் பசங்க விரலால கோடு இழுத்து வச்சிருக்காங்க, அதுல சிலது அந்த வயசுக்கு எட்டாத உயரத்துல இருக்கு, யாரோ பெரியவங்க தூக்கிப் பிடிச்சிருக்கணும்.

அப்புறம் என் பேரைப் பாத்துட்டு சட்டி பானைய உள்ள விட்டுடாதீங்க, அந்தப் பக்கம் விவசாயமும் பானையும் வர 6,000 வருஷத்துக்கு மேல இருக்கு. எலும்பு ஊசி, தைச்ச தோல் உடுப்பு, ஈட்டி எறியுற கோல் எல்லாம் ஓகே.