‘போஸ்ட்-கம்யூனிஸ்ட் கட்சி’: தமிழில் எப்படிச் சொல்வது?

(மொழிபெயர்ப்பாளர் கு., கடன்சொற்களைத் தவிர்க்க விரும்பும் தி., ஆசிரியர் மு. ஆகியோரின் உரையாடல்.)

கு.:
அன்புடையீர், ஜெர்மனியின் ஜனநாயக சோசலிசக் கட்சியைப் (பி.டி.எஸ்.) பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி 1989 டிசம்பரில் தன்னைக் கலைத்துக்கொள்ளாமல், பழைய பெயரோடு பி.டி.எஸ். என்ற புதுப்பெயரை ஒட்டிக்கொண்டது. 1990 பிப்ரவரியில் பழையதை உதறியது. மூலம் இதனைப் ‘போஸ்ட்-கம்யூனிஸ்ட்’ கட்சி என்கிறது. ‘பின்கம்யூனிசக் கட்சி’ என்று எழுதினேன், மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில், “எதற்குப் பின்னால்?” என்று பென்சிலால் கேட்டிருக்கிறார்.

தி.:
கேட்டது நியாயமே. நன்னூலார் ‘பின்’ என்பதை ஏழாம் வேற்றுமை இடப்பொருள் உருபுகளோடு வைத்தார். காலம் சுட்ட ‘பின்னை’ இருக்க, ‘பின்னைப் பொதுவுடைமைக் கட்சி’ என்றால் கம்யூனிசம் என்னும் கடன்சொல்லும் ஒழியும். மேலும், ‘பின்னம்’ என்பதும் இவ்வேரே.

மு.:
ஐயா, பின்னம் வடசொல், அதை விட்டுவிடுங்கள். வகுப்பில் ‘பின்னை’ என்றால் பிள்ளைகளுக்கு நப்பின்னைதான் நினைவுக்கு வருவாள். கம்யூனிஸ்ட் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் கட்சிகள் நம்மூரிலேயே இருக்கையில் அச்சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? எனக்குள்ள சிக்கல் வேறு. கம்யூனிஸ்ட் மேடை என்றொரு பிரிவு பி.டி.எஸ்.ஸுக்குள்ளேயே இயங்கியது, அரசியல்வாதி சாரா வாகன்க்னெக்ட் அதிலிருந்துதான் எழுந்தார். ஆகவே, கம்யூனிசத்தைக் கைவிட்ட கட்சி என்ற பொருள் தரும் எச்சொல்லும் இங்கே பிழை. சொல்ல வேண்டியது வம்சாவளி.

தி.:
அப்படியானால், எஞ்சி நிற்பது என்ற பொருளில் ‘எச்சக் கட்சி’ என்போம். “எச்சத்தாற் காணப் படும்” என்று வள்ளுவரே வழிகாட்டுகிறார்.

மு.:
இன்றைய வாசகர் பறவையின் எச்சத்தை அல்லவா காண்பார்! அக்கட்சியினர் இந்த அவமதிப்புக்கு உரியவர்கள் அல்லர். 1994இல் 4.4 விழுக்காடு வாக்கே பெற்று, நாடாளுமன்றம் புகத் தேவையான ஐந்து விழுக்காட்டுத் தடையைத் தாண்டாதபோதும், கிழக்கு பெர்லினில் நான்கு தொகுதிகளை நேரடியாக வென்றதால் 30 இடங்களோடு நாடாளுமன்றம் புகுந்தார்கள். 2002இல் அந்த வழியும் அடைபட்டு, இரண்டே உறுப்பினர்கள் மிஞ்சினார்கள். அந்த இருவரைச் சொன்னால் எச்சம் பொருந்தலாம்.

கு.:
‘கம்யூனிசவழிக் கட்சி’ என்று எழுதலாமா? இத்தாலியில் 1991இல் கம்யூனிஸ்ட் கட்சி கலைந்தபோது பெரும்பான்மையோர் அமைத்த இடது ஜனநாயகக் கட்சிக்கும் அது பொருந்தும். 2007இல் பி.டி.எஸ்., மேற்கில் சமூக ஜனநாயகக் கட்சியிடம் அதிருப்தியுற்றோரும் தொழிற்சங்கத்தினரும் தொடங்கிய கட்சியோடு இணைந்து ‘டி லிங்க’ (இடது) என்ற கட்சி ஆன பிறகுதான் இடிக்கிறது. அதில் ஒரு பகுதியினரின் வழி வேறு.

மு.:
கட்டுரை பி.டி.எஸ்.ஸைப் பற்றியது, 2007இல் நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு உடன்பாடு.

கு.:
மறுப்பு வராததால் வியாழன் இரவே அனுப்பிவிட்டேன். நன்றி.

தி.:
ஊரில் இல்லாததால் தாமதம், பொறுத்தருள்க. ‘கம்யூனிசவழிக் கட்சி’ என்றால் கம்யூனிசத்தின் வழியே நடக்கிற கட்சி என்றல்லவா படிப்பார்கள்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘பின்னை’ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.