சாண்டி டென்னி அஞ்சலி நிகழ்ச்சி: ஒரே குரல் போதுமா?

கேள்வி (ஹட்டன்):
1978இல் 31 வயதில் மறைந்த பிரித்தானியப் பாடகி சாண்டி டென்னிக்கு எங்கள் வாசகர் வட்டம் ஓர் இசை மாலை நடத்த எண்ணியுள்ளது. கிட்டார் வாசித்துப் பாடும் தங்கை ஒருவர் இருக்கிறார். அவரையே எல்லாவற்றையும் பாடவைக்கலாமா?

பதில் (பண்டாரவளை):
வேண்டாம், ஐயா. 2012இல் லண்டன் பார்பிகன் அரங்கில் நடந்த அஞ்சலியிலும் பலரே பாடினார்கள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இசைக்குழுவில் சாண்டி பாடிய நீண்ட நாட்டுப்புறக் கதைப்பாடல்களையும், தாமே எழுதிய தனிமை தோய்ந்த பாடல்களையும் ஒரே மாலையில் ஒருவரே தாங்குவது, என் கணிப்பில், தொண்டைக்குச் செய்யும் அநியாயம்.

பதில் (நுவரெலியா):
நானும் அதையே சொல்வேன். கதைப்பாடல்களுக்கு இடையே, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் ரதியின் புலம்பலைப் பாடிப் பழகிய தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். கூத்துக்கு அடிக்கும் தப்புப் பறையை மட்டும் வாசலோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே முழங்கினால் கிட்டார் அமுங்கிவிடும்.