மறு: டிரான்ஸ்மிஷன் கூலர் – ‘ஆற்றி’ என்றால் என்ன குறை?

வணக்கம்.

போன கிழமை நான் கேட்டது ஒரு கேள்வி: வாகனத்தின் கியர்ப்பெட்டி எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் டிரான்ஸ்மிஷன் கூலருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வந்து விழுந்தவை ஏழு சொற்கள். வாகனக் கதையையும் சொற்கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே கராஜில், ஒரே காலையில்தான் தெளிந்தன.

வாகனம் தொண்ணூறுகளில் வந்த டொல்பின் வான், ஒட்டோ கியர். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை என்று நேர்ரோட்டில் ஓடும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை. வேகம் சீரானதும் முறுக்கு மாற்றி (டோர்க் கன்வேர்ட்டர், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்ப்பெட்டிக்குக் கடத்துவது) பூட்டிக்கொள்ளும். வழுக்கல் இல்லை, ஆகவே சூடும் குறைவு. தொல்லை நிலாவெளிக் கடற்கரையில்தான். மச்சானின் பைபர் படகை டிரெயிலரோடு மணலிலிருந்து இழுக்கும்போது எஞ்சின் உறுமும், சில்லு அசையாது. அந்த உறுமல் முழுவதும் கியர்ப்பெட்டி எண்ணெயில் சூடாகத்தான் இறங்குகிறது.

மெக்கானிக் கியர்ப்பெட்டி எண்ணெய் பார்க்கும் அளவுகோலை உருவி, கிழித்துப்போட்ட கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தார். சிவப்பாக இருக்க வேண்டியது, ஊறிய தேயிலைச் சாயம் போல இருந்தது. மோந்து பார்த்தார். “இன்னும் கருகேல்லை அண்ணை, ஆனா கன நாள் தாங்காது” என்றார்.

> ‘செலுத்தக் குளிர்விப்பான்’ என்பதே முறையான ஆக்கம்.

கோவை நண்பருக்கு: முறைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கருவி எதையும் குளிர வைப்பதில்லை. ஒட்டோ கியர் எண்ணெய் 80–95 பாகை செல்சியசில் வேலை செய்ய வேண்டியது. 120ஐ எட்டினால் அதை அந்த வரம்புக்கு இறக்குவதுதான் இதன் வேலை. இங்கே கன்னியாவில் 40 பாகைக்கு முன்பின்னான தண்ணீரை வெந்நீரூற்று என்கிறோம். 90 பாகை எண்ணெயைக் குளிர்ந்தது என்றால் ஊர் சிரிக்கும். கொதிப்பதைப் பதத்துக்குக் கொண்டுவருவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: ஆற்றுதல். தேத்தண்ணியை ஆற்றுகிறோம், பாலை ஆற்றுகிறோம். யாரும் குளிர்விப்பதில்லை.

‘கூலர்’ என்றே விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் கூலர் என்றால் ஐஸ் போட்டு மீன் ஏற்றும் லொறி. “வானுக்குக் கூலர் போடப்போறன்” என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்கு, மீன் வியாபாரம் எப்போது தொடங்குகிறீர்கள் என்று கேட்டார்கள்.

> ‘ஆற்றி’ வினையெச்சம் அல்லவா? உரையாற்றி, பணியாற்றி…

ஐயா, ‘காட்டி’யும் வினையெச்சம்தான், திசைகாட்டி நன்றாகத்தானே வாழ்கிறது? மின்மாற்றியும் அப்படியே. பெயர்ச்சொல் முன்னால் வந்து நின்றதும் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த முன்சொல் எது என்பதில்தான் நான் முதலில் பிழைவிட்டேன். ‘கியர் எண்ணெய் ஆற்றி’ என்று முன்மொழிந்தது நான்தான். ஆறுவது எண்ணெய், ஆகவே எண்ணெயின் பெயர் வேண்டும் என்று நினைத்தேன். கராஜில் இதைச் சொன்னதும் மெக்கானிக் கையை நிறுத்திவிட்டார். கராஜில் கியர் ஒயில் என்றால் கையால் மாற்றும் கியருக்கும் டிபரன்ஷியலுக்கும் ஊற்றுகிற, தடிப்பான எண்ணெய். ஒட்டோ கியருக்குப் போவது மெல்லியது, வேறு வகை. யாராவது நம் சொல்லை நம்பித் தடிப்பானதை ஊற்றினால் பெட்டி போய்விடும். சொல் அழகாக இருந்து என்ன பயன்! அந்த முன்மொழிவை மீட்டுக்கொள்கிறேன். கியர்ப்பெட்டி ஆற்றி என்று வைப்போம். யாழ்ப்பாண ஆசிரியர் சொன்ன ‘பற்சில்லுப் பெட்டி’ பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். எனக்கு அதோடு சண்டை இல்லை.

இன்னொன்று. பல ஒட்டோ வாகனங்களில், எஞ்சின் தண்ணீரின் சூட்டைத் தணிக்கும் ரேடியேற்றர் தொட்டிக்குள்ளேயே ஒரு குழாய் இருக்கும். கியர்ப்பெட்டி எண்ணெய் அதற்குள் ஓடித் திரும்பும். குளிர் நாடுகளில் அது காலையில் எண்ணெயைச் சூடாக்கவும் செய்யும். ஆகவே அதை ஆற்றி என்பது அரைப் பொய். ‘வெப்பப் பரிமாற்றி’ என்ற பழைய சொல்லே போதும். சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டுக்குக் கீழே அதனால் எண்ணெயை இறக்கவும் முடியாது. முன்னால் காற்றுப் படும்படி நாம் புதிதாகப் பூட்டுவது மட்டும்தான் உண்மையில் ஆற்றுகிறது. வழக்கமாக அதை ரேடியேற்றரிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் குழாயில் இடையே கோப்பார்கள். இதற்குத் ‘துணை ஆற்றி’ என்று அடைமொழி கொடுக்கலாம்.

சரி, பூட்டப் போகிறேனா? பூட்டத்தான் போகிறேன், ஆனால் அது முதல் வேலை இல்லை. என் ரேடியேற்றர் வாகனத்தோடு வந்தது. உள்ளே அந்தக் குழாய் உக்கி ஓட்டை விழுந்தால் தண்ணீர் கியர்ப்பெட்டிக்குள் போகும். எண்ணெய் ஸ்ட்ரோபரிப் பால் நிறத்துக்கு வந்துவிடும். கிளச் தட்டுகளின் உராய்வுத் தாள் பசையால் ஒட்டியது, தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். இதற்கு வெளியே எத்தனை ஆற்றி தொங்கவிட்டும் பயனில்லை. ஆகவே முதலில் புது ரேடியேற்றர், அப்புறம் புது எண்ணெய், அதன்பிறகு ஆற்றி. மூன்றும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குமுன் முடிய வேண்டும். தேய்ந்த கிளச்சை ஆற்றி திருத்தாது. பெட்டி ஏற்கெனவே வழுக்குகிற வாகனம் வைத்திருப்பவர்கள் இதில் காசைக் கொட்ட வேண்டாம். ஊருக்குள் மட்டும் ஓடுகிற, எதையும் இழுக்காத வாகனத்துக்கு நேரத்துக்கு எண்ணெய் மாற்றினாலே போதும் என்பது என் எண்ணம். கடற்கரையில் நிற்கும் வாகனம் என்றால் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்னும், அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மெக்கானிக்கிடம் புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “தேத்தண்ணி ஆத்துற மாதிரியோ?” என்று கேட்டுவிட்டு, செலவுக் கணக்குத் துண்டில் ‘கியர் ஆத்தி – 1’ என்று எழுதித் தந்தார்.

சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பது மட்டும் பாக்கி. ‘கியர்ப்பெட்டியாற்றி’ இலக்கணத்துக்குச் சரி, வாய்க்குக் கஷ்டம். நான் பிரித்தே எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

திருகோணமலையிலிருந்து