மேட்டூர் நீர்மட்டமும் என் செய்தியோடையும்

கும்பகோணத்தான்:

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். இந்த மூன்றையும் தினமும் காலையில் போடுகிற சின்ன இணையதளம் என்னுடையது. ஜூன் 12 நெருங்கினால் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று பார்க்க ஆள் குவியும். மட்டம் 120 அடியைத் தொடப்போனாலும் அப்படித்தான். மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஒருமுறை வந்தவரை மறுநாளும் வரவைக்க என்ன வழி என்று யோசித்து, ஆர்எஸ்எஸ் செய்தியோடை ஒன்றை நானே நிரல் எழுதி வைத்தேன். தளத்தின் புதுப்பதிவுகளை வரிசையாகச் சொல்லும் கோப்புதான் ஓடை; ‘ரீடர்’ என்ற செயலியில் அதற்குச் சந்தா சேர்ந்தால் புதுப்பதிவு தானாக வந்து சேரும்.

சோதிக்க நானே சந்தா சேர்ந்தேன். முதல் நாள் பதிவு வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஓடையைத் திறந்து பார்த்தால் இன்றைய அளவு இருக்கிறது, ரீடரில் மட்டும் இல்லை. மூன்று நாள் மண்டை காய்ந்தது. விஷயம் இதுதான்: ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஜியுஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. ரீடர் அதைப் பார்த்துத்தான் பழசு, புதுசு பிரிக்கிறது. நானோ ஒரே பக்கத்தைத் தினமும் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே முகவரி, ஒரே அடையாளம், அதனால் ரீடரைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் இல்லை. நாளுக்கொரு பக்கம் என்று மாற்றியதும் சரியானது.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. அடுத்த வருடம் தளத்தைப் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன், பக்க முகவரிகளின் தொடக்கமே மாறிவிட்டது. முகவரியையே அடையாளமாக வைத்திருந்ததால், ஓடையில் இருந்த முப்பது பழைய பதிவுகளும் புதுப்பதிவுகளாகிவிட்டன. ஓடையை டெலிகிராம் சேனலோடு வேறு இணைத்திருந்தேன். ஒரே ராத்திரியில் முப்பது செய்தி! போன மாதத்து மட்டமெல்லாம் வரிசையாகப் போய் விழுந்திருக்கிறது. காலையில் ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, ராத்திரியோட ராத்திரியா அணை இவ்வளவு எறங்கிருச்சா?" என்றார். இப்போது தேதியை மட்டுமே அடையாளமாக வைத்து, இது முகவரி அல்ல என்பதற்கு ‘இஸ்பெர்மாலிங்க்’ என்ற இடத்தில் ‘ஃபால்ஸ்’ போட்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அஞ்சறைப்பெட்டி:

அண்ணா, அந்தப் பெரியவரை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது சமையல் தளம், வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் ஓடுகிறது. ஓடையை நாம் செய்ய வேண்டியதே இல்லை, தள முகவரிக்குப் பின்னால் ‘ஃபீட்’ என்று சேர்த்தால் தயாராக இருக்கும். என் தலைவலி வேறு. முழுப் பதிவையும் ஓடையில் கொடுத்துவந்தேன். ஒருநாள் நான் போட்ட மிளகுக் குழம்பு, படத்தோடு, கொஞ்ச நேரத்திலேயே யாரோ ஒருவர் தளத்தில் அப்படியே இருந்தது. ஓடையிலிருந்து தானாக உருவிக்கொள்கிறார்கள். வந்த கோபத்தில் அமைப்புகளுக்குள் போய் ‘சுருக்கம் மட்டும்’ என்று மாற்றிவிட்டேன்.

வேர்ட்பிரஸ் சுருக்கம் என்பது வழக்கமாக முதல் 55 சொற்கள். என் 55 சொல்லில் மாமியார் ஊர்க் கதையே முடிந்திருக்காது, மிளகு வறுக்கிற இடம் எங்கே வரப்போகிறது? ஒரு வாரத்தில் பழைய வாசகி ஒருவர் எழுதினார்: "அடுப்படியில் சிக்னல் கிடைக்காது. முழுப் பதிவும் ரீடரில் முன்கூட்டியே இறங்கியிருக்கும், அதை வைத்துத்தான் சமைப்பேன். இனி உங்களுடையது எனக்கு உதவாது." திருடனைத் துரத்தப்போய் விருந்தாளியை வெளியே தள்ளிவிட்டேனே என்று இருந்தது. மறுபடி முழுப் பதிவாக்கினேன். இப்போது பதிவுக்கு நடுவிலேயே ‘இதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல்’ என்று என் தளத்துக்கே இணைப்பு கொடுக்கிறேன். உருவுகிறவர்கள் அதையும் சேர்த்தே உருவுகிறார்கள், உருவட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரிவதில்லை. வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பகுப்புக்கும் தனி ஓடை உண்டு. விரதச் சமையல் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதன் முகவரியைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பைப் பார்த்து முகம் சுளித்து விலகிப் போகிறவர்கள் இப்போது இல்லை.

தமிழ்மணக் காலத்து ஆள்:

தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004-இல் வந்தபோது நமக்கெல்லாம் வாசகர் வந்ததே ஓடை வழியாகத்தான். இந்த ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவம் 1999-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் உருவானது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நான் செய்த முட்டாள்தனம், ஓடை முகவரியைக் கைவிட்டது. எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் இடைச்சேவை ஒன்றின் முகவரியை வாசகர்களுக்குக் கொடுத்தேன். எண்ணிக்கையைப் பார்ப்பதில் ஓர் அல்ப சந்தோஷம்! ஒருநாள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்திருந்த அத்தனை பேரும் அந்த முகவரியோடு போனார்கள். யார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

2013 ஜூலை 1-இல் கூகுள் ரீடர் மூடப்பட்டது நினைவிருக்கும். அப்போது அதில் படித்தவர்கள் தங்கள் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி, வேறு ரீடரில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. ரீடர் போனாலும் ஓடையின் முகவரி உயிரோடு இருந்தால் வாசகர் திரும்பி வருவார். என் கதையில் போனது முகவரி. இப்போது என் டொமைனிலேயே வைத்திருக்கிறேன். இடம் மாறினால் பழைய முகவரியில் 301, அதாவது ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற குறி, போட்டுவிட்டால், ஒழுங்கான ரீடர்கள் புதியதைத் தாங்களே பிடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தான்:

கும்பகோணத்து அண்ணை, நீங்களே நிரல் எழுதினது என்றபடியால் சொல்கிறேன், தேதியையும் ஒருக்கால் பாருங்கோ. நான் எழுதினதில் மாதப் பெயர் தமிழில் போய்விட்டது. ஓடையில் அது ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும், ‘ஜூன்’ என்று தமிழில் இருந்தால் ரீடருக்கு விளங்காது. அதைத் திருத்தினால் அடுத்தது: நம் நேரத்தை எழுதிவிட்டுப் பக்கத்தில் ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) என்று போட்டிருந்தேன். ஒவ்வொரு பதிவும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நின்றது. +0530 போட்ட பிறகுதான் சரிவந்தது.

பிறகு ஒருநாள் முழு ஓடையுமே படுத்துவிட்டது. பார்த்தால், ஓடைக் கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு மேலே ஒரு வெற்று வரி. அவ்வளவுதான்! இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் சரிபார்ப்புப் பக்கத்தில் ஓடை முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று காட்டும்.

கும்பகோணத்தான்:

தம்பி, நீங்கள் சொன்னதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். என்னிடமும் ஜிஎம்டிதான்! மாற்றிவிட்டேன். அடையாளத்தைத் தொடவில்லை, பெரியவர் தூங்கட்டும்.

இந்தக் காலத்தில் யார் ரீடர் வைத்துப் படிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். தளத்துக்கு யார் வந்து போனார்கள் என்று பதியும் சர்வர் லாக்கில் பார்க்கலாம். ஃபீட்லி போன்ற ரீடர்கள் ஓடையை எடுக்க வரும்போதே தங்களிடம் எத்தனை சந்தாதாரர் என்று சொல்லிவிட்டுப் போகும். எனக்கு 14 பேர். டெல்டா விவசாயி ரீடர் வைத்திருக்க மாட்டார், அது தெரிந்ததுதான். ஆனால் டெலிகிராம் சேனல், வாராந்தர மின்னஞ்சல், ஊர் நூலகத்துத் திரையில் ஓடுகிற வரி, மூன்றுமே இந்த ஓடையிலிருந்துதான் எடுக்கின்றன. காலையில் ஓர் இடத்தில் எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.