ஊழலைச் சொன்னால் பரிசு: சாலை வேலைக்கும் வேண்டுமா?

வைகைக்கரையான்: கம்பெனியின் உள்ரகசியத்தை வைத்துப் பங்கு வியாபாரம் செய்யும் இன்சைடர் டிரேடிங் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு, மீட்ட பணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 10 கோடி ரூபாய் வரை பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி தருகிறது. நெடுஞ்சாலை, பாலம் வேலைகளுக்கும் இதைக் கொண்டுவந்தால் என்ன? வெறும் உபதேசத்துக்கு யார் வாயைத் திறப்பார்?

பழைய ஆடிட்டர்: வேண்டாம் ஐயா. சதவீதக் கணக்கு என்றால் ஆள் காத்திருப்பார். முதல் பில்லிலேயே தப்பு தெரிந்தாலும், தொகை ஏறட்டும் என்று விட்டுவிடுவார். மேலதிகாரியிடம் அன்றைக்கே சொன்னால் அங்கேயே முடிந்துவிடும்.

வைகைக்கரையான்: சத்யேந்திர துபே சொன்னாரே, என்ன ஆனார்? தங்க நாற்கரம் என்ற தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் பொறியாளர். பெரிய ஒப்பந்ததாரர்கள் வேலையைச் சின்ன ஆட்களுக்குக் கைமாற்றுகிறார்கள் என்று பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை மறைக்கச் சொல்லியும் கடிதம் பெயரோடு துறைக்குப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள்.

பழைய ஆடிட்டர்: அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அவர் காசா கேட்டார்? பெயரை மறைக்கத்தானே கேட்டார்! புகார் சொல்பவரைக் காக்க 2014இல் போட்ட சட்டத்தையே இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

சைட்காரன்: கான்கிரீட் சாலையில் கோர் எடுப்பதை, அதாவது கனம் பார்க்கத் துளைத்து மாதிரி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கே துளைப்பது என்று ஒப்பந்ததாரரின் ஆள் கை காட்டுவார். அங்கே மட்டும் கனம் கச்சிதமாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் இளநிலைப் பொறியாளர் ஜே.இ.க்கு எல்லாம் தெரியும். வேலை அளவுகளைப் பதியும் எம் புக்கில் அளவெழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அப்புறம் அவரே புகார் கொடுத்தால், கையில் வருவது 10 சதவீதமா, 17பி என்ற துறை ஒழுங்கு நடவடிக்கை சார்ஜா?

வைகைக்கரையான்: இரண்டும் வரலாம். சுவிஸ் வங்கியான யுபிஎஸ்ஸின் வரி ஏய்ப்பு வேலையைச் சொன்ன அதன் முன்னாள் ஊழியர் பர்க்கன்ஃபெல்ட் சிறைக்கும் போனார், 2012இல் அமெரிக்க வரித்துறையிடம் 10.4 கோடி டாலரும் வாங்கினார்.

சைட்காரன்: அவருக்குச் சரி. இங்கே பணத்தை மீட்க வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மறுநாளே வரும்.

பழைய ஆடிட்டர்: கோர் எடுக்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் புகாருக்குத் தேவையே இருக்காது.

சைட்காரன்: குலுக்குவது யார் சார்? அதே ஜே.இ.தானே.